1996–99 ஃபோர்ட் டாரஸ்: எதைப் பார்த்து வாங்குவது, வாங்கியதும் எதைக் கழற்றுவது

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் ஒரு வீட்டுக் கராஜில் நின்றிருந்த 1998 ஃபோர்ட் டாரஸ் செடான், 1 லட்சம் மைலுக்குச் சற்று மேல் ஓடியது, மலிவாக வருகிறது. அன்றாட ஓட்டத்துக்கு வாங்கலாமா? வாங்கினால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

வாங்கலாம். ஆனால் வல்கன் என்ற இரும்பு வி6 இன்ஜினாக இருக்க வேண்டும், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் பச்சையாகவே இருக்க வேண்டும், அடிப்பகுதியைத் துரு தின்றிருக்கக் கூடாது. கியர்பாக்ஸை மட்டும் ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதை எப்படிச் சோதிப்பது என்று பின்னால் எழுதியிருக்கிறேன். இந்த மாடலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் முட்டை வடிவத்தைத்தான் திட்டுவார்கள். உண்மையில் இந்த வண்டிகளைக் காயலான் கடைக்கு அனுப்பியவை வேறு: மாற்றாமல் விட்ட கூலன்ட், மாற்றாமல் விட்ட கியர் ஆயில், பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு. மூன்றில் எது உங்கள் வண்டியைத் தொட்டிருக்கிறது என்பதை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

பின்னணி கொஞ்சம் தெரிந்தால் விலை பேசச் சுலபம். முதல் டாரஸ் 1985 டிசம்பரில், 1986 மாடலாக வந்தது. லூயிஸ் வெரால்டி தலைமையில் ஒரு குழு உருவாக்கியது; வடிவமைப்புக்குப் பொறுப்பு ஜாக் டெல்னாக். பெட்டி பெட்டியாக இருந்த அமெரிக்கக் குடும்பக் கார்களுக்கு நடுவில் காற்றில் வழுக்கிப் போகிற மாதிரி வந்த அந்த வண்டி ஃபோர்டைத் தூக்கி நிறுத்தியது. 1992 முதல் 1996 வரை ஐந்து ஆண்டுகள் அமெரிக்காவில் அதிகம் விற்ற பயணிகள் கார் டாரஸ்தான். 1996-ல் வந்த மூன்றாம் தலைமுறையில் முகவிளக்கு, பின்கண்ணாடி, உள்ளே இருக்கும் ரேடியோ எல்லாமே நீள்வட்டம். வாங்குபவர்கள் தயங்கினார்கள். 1997-ல் டொயோட்டா கேம்ரி முதலிடத்தைப் பிடித்தது. 2000-ல் வடிவத்தை அடக்கி வாசித்தார்கள். 2006 அக்டோபரில் அட்லாண்டா ஆலையில் அந்த வரிசையின் கடைசி வண்டி இறங்கியது. பிறகு ஃபைவ் ஹண்ட்ரட் என்ற காருக்கு இதே பெயரை மாட்டி 2008 மாடலாக விற்றார்கள். அமெரிக்காவில் அதுவும் 2019-ல் நின்றுபோனது. தொண்ணூறுகளின் டாரஸ்களில் பெரும்பங்கு வாடகைக் கார் நிறுவனங்களுக்கும் அலுவலகங்களுக்கும் போனவை. அதனால் சர்வீஸ் சீட்டு இல்லாத வண்டி நிறைய. ஒரே வீட்டில் இருந்த வண்டி, சீட்டுகளோடு வந்தால் நூறு இருநூறு டாலர் கூடுதலாகக் கொடுப்பதில் தப்பில்லை.

முதல் வேலை, வின் எண்ணை, அதாவது வண்டியின் அடையாள எண்ணைப் படிப்பது. ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டில் தெரியும். அதன் எட்டாவது எழுத்து இன்ஜினைச் சொல்லும். 'யு' என்றால் வல்கன்: 3.0 லிட்டர் வி6, இரும்பு பிளாக், இரும்பு ஹெட், புஷ்ராடு, 145 குதிரைத்திறன். 'எஸ்' என்றால் டுராடெக்: அதே 3.0 லிட்டர், ஆனால் முழுக்க அலுமினியம், 24 வால்வு, 200 குதிரைத்திறன். 'என்' என்றால் வேக ரகமான எஸ்எச்ஓவின் வி8. அதைப் பற்றிக் கடைசியில். பதினொன்றாவது எழுத்து ஆலை: 'ஏ' அட்லாண்டா, 'ஜி' சிகாகோ. தரத்தில் இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பின்னால் ஒட்டியிருக்கும் பெயரை வைத்து மட்டும் இன்ஜினை முடிவு செய்யாதீர்கள். 1996, 97-ல் எல்எக்ஸ் என்றால் டுராடெக் இன்ஜினோடு வந்த உயர்ந்த ரகம். 1998-ல் அதே எல்எக்ஸ் பெயரை அடிமட்ட ரகத்துக்கு வைத்துவிட்டார்கள், உள்ளே இருப்பது வல்கன்.

டுராடெக் ஓட்ட இனிமையானது, சந்தேகமே இல்லை. ஆனால் இந்த வயதில், இந்த விலையில் வாங்குபவருக்கு என் தேர்வு வல்கன்தான். ரேஞ்சர் பிக்கப், ஏரோஸ்டார், விண்ட்ஸ்டார், டெம்போ என்று பல வண்டிகளில் இதே இன்ஜினைப் போட்டார்கள். சென்சார், பம்ப், கேஸ்கட் எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். டைமிங் பெல்ட் கிடையாது, சங்கிலிதான். ஹெட் கேஸ்கட் போவது அபூர்வம். இதற்கு இருக்கும் பெரிய பகை தண்ணீர்.

எப்படி என்று சொல்கிறேன். பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. கூலன்ட்டில் இருக்கும் துருத்தடுப்பு மருந்து சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு உள்ளே ஓடுவது வெறும் துருத்தண்ணீர். இரும்பு அரித்து, சேறு போல் செங்காவி நிறத்தில் படியும். படிவு முதலில் போய் அடைப்பது ஹீட்டர் கோர் (வண்டிக்குள் சூடான காற்று தரும் குட்டி ரேடியேட்டர்), ஏனென்றால் குழாய்கள் மிகக் குறுகலானவை அங்கேதான். அடுத்து தண்ணீர் பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் தகட்டு இம்பெல்லரை அரிக்கும். அது தேய்ந்து தேய்ந்து, பம்ப் சுற்றினாலும் தண்ணீர் நகராத நிலை வரும். நெடுஞ்சாலையில் சூடு சரியாக இருந்து சிக்னலில் ஏறினால் ரேடியேட்டர் விசிறியின் மின்மோட்டாரையும் ரிலேயையும் பாருங்கள். நெடுஞ்சாலையிலேயே ஏறினால் பம்ப் அல்லது அடைத்த ரேடியேட்டர்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது இவ்வளவே: இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் தொட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தெளிந்த பச்சை நல்லது. காவி நிறமும் விளிம்பில் சேறும் இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். அதற்காகவே வேண்டாம் என்று விட வேண்டியதில்லை. ஆயில் நிரப்பும் மூடியைத் திருப்பிப் பாருங்கள், டிப்ஸ்டிக்கையும் இழுத்துப் பாருங்கள். வெண்ணெய் மாதிரி படிவு டிப்ஸ்டிக்கில் இருந்தால் கூலன்ட் ஆயிலில் கலக்கிறது. வல்கனில் அது பெரும்பாலும் ஹெட் கேஸ்கட்டால் அல்ல, பம்புக்குப் பின்னால் இருக்கும் அலுமினிய டைமிங் கவர் அரித்து ஓட்டை விழுந்ததால். அந்த வண்டியை விட்டுவிடுங்கள். பேரிங் எவ்வளவு நாள் கூலன்ட்டில் ஊறியது என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்து, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். காற்று வெதுவெதுப்பாக மட்டும் வந்தால், ஃபயர்வாலுக்குள் (இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு) போகும் இரண்டு ஹீட்டர் குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட்டு மற்றொன்று ஆறியிருந்தால் கோர் அடைத்திருக்கிறது.

அடைத்த கோரை மாற்ற டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டும். அதற்கு முன் கழுவிப் பாருங்கள். பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். இன்ஜின் முழுதாக ஆறட்டும். இரண்டு குழாய்களின் கிளாம்பையும் கழற்றுங்கள். குழாயைப் பிடித்து இழுக்காதீர்கள். கோரின் மூக்கு மெல்லிய உலோகம், வளைந்தால் கதை முடிந்தது. ஒட்டிக்கொண்டிருந்தால் ரப்பர் குழாயை நீளவாக்கில் பிளேடால் கீறி எடுத்துவிட்டு, புதுக்குழாய் போடுங்கள். கோரின் இரு மூக்கிலும் துண்டுக் குழாய் மாட்டி, வெளியேறும் பக்கத்திலிருந்து தோட்டத்துக் குழாய்த் தண்ணீரை மெதுவாக விடுங்கள். இந்த அமைப்பு வேலை செய்வது சுமார் 16 பிஎஸ்ஐ அழுத்தத்தில். தோட்டத்துக் குழாயை முழுதாகத் திறந்தால் அதைவிடப் பல மடங்கு. வாளியில் பிடித்துப் பாருங்கள், காபி நிறத்தில் வரும். திசையை மாற்றி மாற்றி, தண்ணீர் தெளியும்வரை விடுங்கள். ரேடியேட்டரையும் பிளாக்கையும் கழுவாமல் கோரை மட்டும் கழுவினால் இரண்டே மாதத்தில் மறுபடி அடைக்கும். 195 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 91 செல்சியஸ் தெர்மோஸ்டாட்டைப் புதிதாகப் போட்டு, பாதிக்குப் பாதி டிஸ்டில்டு தண்ணீரும் பச்சைக் கூலன்ட்டும் ஊற்றுங்கள். மொத்தம் ஏறத்தாழ 11 லிட்டர் பிடிக்கும். கழுவிய தண்ணீர் பிளாக்கில் தங்கியிருக்கும் என்பதால், கலக்காத கூலன்ட் 5.5 லிட்டரை முதலில் ஊற்றிவிட்டு மிச்சத்துக்குத் தண்ணீர் சேர்ப்பது சரியான வழி. அதிகம் துருப்பிடித்த வண்டிக்கு ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை மாற்றினால்தான் சுத்தமாகும்.

பம்பையும் மாற்றப் போகிறீர்களானால் ஓர் எச்சரிக்கை. அதன் போல்ட்டுகள் வெவ்வேறு நீளம். சில டைமிங் கவரை ஊடுருவிப் பிளாக்குக்குள் போகின்றன. இரும்பு போல்ட், அலுமினிய கவர், இருபது முப்பது வருடக் கூலன்ட்: பிடித்துக்கொண்டு முறிவது சகஜம். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். ஒவ்வொன்றையும் அரைக்கால் சுற்று முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள். ஓர் அட்டையில் பம்பின் வடிவத்தை வரைந்து, எடுக்கும் போல்ட்டை அதே இடத்தில் குத்தி வைத்தால் நீளம் குழம்பாது.

வல்கனின் இரண்டாவது பலவீனம் சின்னது, ஆனால் இன்ஜினையே பலி வாங்கக்கூடியது. 1995 வரை டிஸ்ட்ரிபியூட்டர் இருந்த துளையில், 1996 முதல் கேம் சின்க்ரனைசர் என்ற தண்டு இருக்கிறது. அதன் தலையில் கேம் சென்சார். அதன் காலில் ஆயில் பம்பைச் சுற்றும் அறுகோணத் தண்டு. மேலே இருக்கும் புஷ் வறண்டால் கிரீச் கிரீச்சென்று சிட்டுக்குருவி மாதிரி சத்தம் வரும். எல்லாரும் பெல்ட் சத்தம் என்று நினைத்து பெல்ட்டை மாற்றுவார்கள், பிறகு டென்ஷனரை மாற்றுவார்கள், சத்தம் அப்படியே இருக்கும். சோதிப்பது சுலபம்: பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சில நொடி மட்டும் ஓட விடுங்கள். பெல்ட் இல்லாமலும் சத்தம் வந்தால் சின்க்ரனைசர்தான். அலட்சியம் செய்தால் தண்டு பிடித்துக்கொள்ளும். ஆயில் பம்பும் அதோடு நிற்கும். ஆயில் அழுத்தம் போன பின் இன்ஜின் சில நிமிடங்களே தாங்கும். ஸ்கேனரில் வரும் பி0340 என்ற பழுதுக் குறியீடும் இதன் அறிகுறி. ஆனால் அது சென்சார் மட்டும் பழுதானாலும் வரும். குறியீடு வந்தால் சென்சாரைக் கழற்றி, கீழே தெரியும் தண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் மொத்தமாக மாற்றுங்கள்.

மாற்றும்போது தவறுவது கோணத்தில். சென்சாரின் இரண்டு திருகுகளை எடுத்ததும் அரைவட்டத் தகடு ஒன்று தெரியும். அதன் விளிம்பு எங்கே நிற்கிறது என்று உறையிலும் பிளாக்கிலும் கோடு போட்டு, புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வேலை முடியும்வரை இன்ஜினைச் சுற்றவே கூடாது. பிடிப்பு போல்ட்டைக் கழற்றி உருவும்போது மெதுவாக இழுங்கள்; கீழே இருக்கும் ஆயில் பம்ப் தண்டு ஒட்டிக்கொண்டு மேலே வந்து, பாதியில் நழுவி ஆயில் சட்டிக்குள் விழுந்தால் சட்டியை இறக்க வேண்டும். பல்சக்கரம் சாய்வுப் பல் கொண்டது. ஆகவே புதியதை இறக்கும்போது தண்டு தானாகவே கொஞ்சம் திரும்பும். பழையதை உருவும்போது எவ்வளவு திரும்பியது என்று கவனித்தீர்களானால், அதே அளவு முன்னதாக வைத்து இறக்கலாம். நல்ல கம்பெனிச் சாமானோடு பிளாஸ்டிக் கோணக் கருவி ஒன்று வரும், அதைப் பயன்படுத்துங்கள். கோணம் தப்பினாலும் இன்ஜின் ஓடும். ஆனால் எரிபொருள் பீய்ச்சும் நேரம் தவறி, மைலேஜ் குறைந்து, பி1309 போன்ற குறியீடுகள் வந்து உங்களை அலைக்கழிக்கும். புதியதை இறக்கும் முன் பல்லுக்கும் புஷ்ஷுக்கும் இன்ஜின் ஆயில் தடவ மறக்காதீர்கள்.

உங்களுக்கு வந்த வண்டி டுராடெக்காக இருந்தால் கவலைகள் வேறு. அதில் தண்ணீர் பம்ப் இருப்பது கியர்பாக்ஸ் பக்க முனையில். கேம் தண்டின் நுனியில் இருக்கும் தனிப் புல்லியிலிருந்து ஒரு குட்டி பெல்ட் அதைச் சுற்றுகிறது. அந்த பெல்ட் இருப்பதே பலருக்குத் தெரியாது, அதனால் மாற்றுவதும் இல்லை. வாங்கியதும் மாற்றிவிடுங்கள். ஸ்பார்க் பிளக்கில் ஃபயர்வால் பக்கத்து மூன்றை எட்ட, இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் மேல் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டும், அதன் கேஸ்கட்டுகளையும் சேர்த்து வாங்குங்கள். பிளக் குழியில் ஆயில் தேங்கியிருந்தால் வால்வ் கவர் கேஸ்கட் போய்விட்டது. மேனிஃபோல்ட் கையில் இருக்கும்போதே அதையும் முடியுங்கள், இன்னொரு முறை யாரும் ஆசைப்பட்டுப் பிரிக்க மாட்டார்கள். இடைவெளி டுராடெக்குக்கு 1.32 முதல் 1.42 மி.மீ.; வல்கனுக்கு 1.07 முதல் 1.17 மி.மீ. இரண்டிலுமே ஒரு காயில் ஒரே நேரத்தில் இரண்டு சிலிண்டருக்குப் பொறி கொடுக்கிறது. பாதி பிளக்குகளில் மின்சாரம் தலைகீழாகப் பாயும். எனவே இரு முனையிலும் பிளாட்டினம் உள்ள பிளக்கே வேண்டும். மலிவுக்காகச் சாதாரண பிளக் போட்டால் ஆறில் மூன்று சீக்கிரம் தேயும்.

1996 முதல் எல்லா வண்டியிலும் பழுதைக் குறியீடாகச் சொல்லும் ஓபிடி-2 அமைப்பு இருப்பதால் இருபது டாலர் ஸ்கேனரே போதும். விற்பவர் முந்தின நாள் குறியீட்டை அழித்திருக்கலாம். ஸ்கேனரில் சோதனைகள் 'தயார் இல்லை' என்று வரிசையாகக் காட்டினால் அப்படித்தான் நடந்திருக்கிறது, அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். இந்த வண்டிகளில் அடிக்கடி வரும் குறியீடுகள் இரண்டு வகை. பி0401 வந்தால் இஜிஆர் வால்வை (புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி விடுவது) வாங்கப் பாயாதீர்கள். டிபிஎஃப்இ என்ற அழுத்த சென்சார்தான் பெரும்பாலும் காரணம். பழைய உலோக உறை கொண்டவை உள்ளே அரித்துப் போகும். அதற்கு வரும் இரண்டு ரப்பர் குழாய்களும் வெவ்வேறு குறுக்களவு, வெப்பத்தில் வெடித்திருக்கும், அவற்றையும் பாருங்கள். பி0171, பி0174 இரண்டும் சேர்ந்து வந்தால் காற்று எங்கோ திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்விலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் முழங்கை ஆயிலில் ஊறிக் கொழகொழத்து உள்வாங்கியிருக்கும். கையால் அழுத்தினாலே தெரியும். அது சரியாக இருந்தால் காற்று அளவு சென்சாரை அதற்கான ஸ்பிரேயால் கழுவுங்கள்.

இனி கியர்பாக்ஸ். டாரஸின் பெயரைக் கெடுத்தது உண்மையில் இதுதான். நான்கு வேக ஆட்டோமேட்டிக். வல்கனோடு பெரும்பாலும் ஏஎக்ஸ்4எஸ், டுராடெக்கோடு ஏஎக்ஸ்4என். பின்னது கொஞ்சம் உறுதியானது. முன்னதில் ஃபார்வர்ட் கிளட்சின் அலுமினியப் பிஸ்டன் விரிசல் விட்டு அழுத்தம் கசிவது பழைய வியாதி. பிரித்து வேலை பார்த்த வண்டியில் எஃகுப் பிஸ்டன் போட்டிருப்பார்கள். ரசீதில் அந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும் முறை: வண்டி இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும். நீங்கள் வருவதற்குள் விற்பவர் சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் பிரேக்கை மிதித்துக்கொண்டு ரிவர்ஸில் போடுங்கள், பிறகு டிரைவில். ஒன்று ஒன்றரை நொடிக்குள் பிடிக்க வேண்டும். மூன்று நொடி யோசித்தால் உள்ளே சீல்கள் இறுகிவிட்டன. மெதுவாக வேகம் எடுத்துப் போங்கள். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது ஆர்பிஎம் சர்ரென்று மேலே போய்ப் பிறகு இறங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. நான்காம் கியர் விழுந்த பின், மணிக்கு 45, 50 மைலில் சீராகப் போகும்போது ஐந்தாவது கியர் விழுந்ததுபோல் ஒரு சின்ன இறக்கம் தெரியும். ஆர்பிஎம் 200, 300 குறையும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டர் பூட்டிக்கொண்டதன் அடையாளம் அது. இப்போது ஆக்சிலேட்டரை எடுக்காமல் இடது காலால் பிரேக்கை லேசாகத் தொடுங்கள். ஆர்பிஎம் ஏறி, விட்டதும் மறுபடி இறங்க வேண்டும். பூட்டிக்கொள்ளவே இல்லை என்றாலோ, பூட்டும் வேளையில் வண்டி கரடுமுரடுச் சாலையில் போவதுபோல் நடுங்கினாலோ, பி0741 கூடிய சீக்கிரம் வரும். நடுக்கம் மட்டும் இருந்தால் ஆயில் மாற்றியே சரியாவது உண்டு.

கியர் ஆயிலைப் பார்ப்பது இன்ஜின் சூடாக, ஓடிக்கொண்டிருக்க, பார்க்கிங்கில். வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு வையுங்கள். சிவப்போ இளம்பழுப்போ பரவாயில்லை. கறுத்துக் கருகல் வாடை அடித்தால் ஆயில் மாற்றம் காப்பாற்றாது. சட்டியை இறக்கினால் ஐந்து ஆறு குவார்ட்தான் (ஒரு குவார்ட் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு) வெளியே வரும். மொத்தக் கொள்ளளவு 12 குவார்ட்டுக்கு மேல், மிச்சம் கன்வர்ட்டரில் தங்கும். வடிகட்டியைப் பிடுங்கும்போது அதன் ரப்பர் வளையம் துளைக்குள்ளேயே தங்கிவிடும். அதை எடுக்காமல் புதியதை அழுத்தினால் வளையத்தின் மேல் வளையம் உட்கார்ந்து காற்றை உறிஞ்சும். எவ்வளவு வெளியே வந்ததோ அளந்து அதே அளவு ஊற்றுங்கள். அந்தக் காலக் கையேட்டில் மெர்கான் என்ற கியர் ஆயில் வகை இருக்கும். ஃபோர்டு அதை நிறுத்திவிட்டு மெர்கான் 5-ஐ மாற்றாகச் சொன்னது, இப்போது அதுதான் சரி. ஓராயிரம் மைல் கழித்து மறுபடி ஒருமுறை சட்டியை இறக்கினால் பெரும்பகுதி புதிதாகிவிடும். ரேடியேட்டருக்கு முன்னால் தனிக் குளிர்விப்பான் ஒன்று மாட்டுவது ஐம்பது அறுபது டாலர் வேலை, கோடைக்கு நல்லது.

துரு. மிச்சிகன், ஒஹாயோ, நியூயார்க் பக்கத்து வண்டியென்றால் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் வைக்காமல் பணம் கொடுக்காதீர்கள். கதவுக்குக் கீழே இருக்கும் ராக்கர் பேனல், பின்சக்கர வளைவு, பிரேக் எண்ணெய்க் குழாய்கள் கண்ணுக்குத் தெரியும். அதைவிட முக்கியம் முன் சப்ஃபிரேம் உடலோடு சேரும் இடங்கள், குறிப்பாகப் பின்பக்க இரண்டு. ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள், தகடு உதிர்ந்தால் திரும்பி வந்துவிடுங்கள். இன்ஜினும் ஸ்டீயரிங் ராக்கும் அதில்தான் உட்கார்ந்திருக்கின்றன. முன் ஸ்பிரிங்கின் அடிச்சுற்று உப்பில் அரித்து உடைவதும் உண்டு. உடைந்த முனை டயரின் உட்பக்கத்தைக் கிழிக்கும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து, டார்ச் அடித்து ஸ்பிரிங் உட்காரும் தட்டைப் பாருங்கள், மறுபக்கமும் அப்படியே. மேடு பள்ளத்தில் முன்னால் டொக் டொக் என்றால் பயப்பட வேண்டாம், ஸ்டெபிலைசர் பார் லிங்க்தான். ஜோடியாக மாற்றுங்கள், ஒரு மணி நேர வேலை.

மின்சாரத்தில் இரண்டே விஷயம். கதவு மூடியும் 'திறந்திருக்கிறது' என்று விளக்கு எரிந்தால் கதவுப் பூட்டுக்குள் இருக்கும் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரவெல்லாம் உள்விளக்கு எரிந்து பேட்டரியைக் குடிக்கும். பூட்டுக்குள் துரு இளக்கும் ஸ்பிரேயை நன்றாக அடித்து, கதவை இருபது முப்பது முறை அடித்துச் சாத்தினால் பெரும்பாலும் விடும். வண்டி திடீரென்று கிளம்பவே இல்லை, ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றுகிறது என்றால் டிக்கியின் இடது ஓரத்தில் விரிப்புக்குப் பின்னால் இருக்கும் மோதல் சுவிட்சைப் பாருங்கள். விபத்தில் பெட்ரோல் பம்பை நிறுத்துவதற்காக வைத்தது. ஆழமான குழியில் விழுந்தாலும் தட்டிக்கொள்ளும். மேலே இருக்கும் பித்தானை அழுத்தினால் சரி. பெட்ரோல் வடிகட்டி மாற்றும்போதும் இது உதவும்: இணைப்பைப் பிடுங்கிவிட்டு இன்ஜினைத் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் குழாயில் அழுத்தம் இறங்கிவிடும். ரேடியோவைப் பற்றி ஒரு வரி: ஏசி பித்தான்களும் அதே முட்டைக்குள் இருப்பதால், வேறு ரேடியோ போட முழுப் பலகை மாற்றும் கிட் வேண்டும். போனுக்கு ஒரு எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்கிக்கொண்டு அதைத் தொடாமல் விடுவதே புத்திசாலித்தனம்.

எனவே வாங்கியதும் முதல் வாரச் செலவு: கூலன்ட், தெர்மோஸ்டாட், ஹீட்டர் குழாய்கள், கியர் ஆயிலும் வடிகட்டியும், பெல்ட், பிளக்கும் பிளக் ஒயரும், பிசிவி வால்வும் அதன் முழங்கையும். இன்ஜின் ஆயில் 5டபிள்யூ-30, வல்கனுக்கு வடிகட்டியோடு 4.5 குவார்ட். டயர் பெரும்பாலும் 205/65 ஆர்15. தயாரித்த வாரமும் ஆண்டும் டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கமாக இருக்கும். கராஜில் நின்ற வண்டி என்றால் டயரில் பூ நிறைய இருந்தாலும் பத்து வருடம் தாண்டியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். வீல் நட்டை 95 அடி-பவுண்டுக்கு முறுக்குங்கள். காற்று கன்னால் முறுக்கிவிட்டுப் போனால் டிஸ்க் கோணி பிரேக் அடிக்கும்போது ஸ்டீயரிங் ஆடும், இந்த வண்டியில் அது சீக்கிரமே நடக்கும். இன்ஜின் சாமான் கிடைப்பது பிரச்சினையே இல்லை. முகவிளக்கு, பம்பர், கதவு அலங்காரம் மட்டும் இந்த நான்கு ஆண்டு வண்டிகளுக்கே உரியவை. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்தில்தான் தேட வேண்டும். மெர்க்குரி சேபிள் இதே வண்டிதான் என்றாலும் அதன் வெளித்தகடுகள் பொருந்தாது, அடிச்சாமான்கள் பொருந்தும்.

தேடும்போது வேறு இரண்டு வகை டாரஸும் கண்ணில் படும். 1996–99 எஸ்எச்ஓ: யமஹாவோடு சேர்ந்து செய்த 3.4 லிட்டர் வி8, 235 குதிரைத்திறன், சத்தம் கேட்டால் மனசு இளகும். ஆனால் கேம் தண்டு உள்ளீடற்ற குழாய்; பல்சக்கரத்தை அதில் அழுத்திப் பிடிக்க வைத்திருக்கிறார்கள். பிடி நழுவினால் வால்வும் பிஸ்டனும் மோதும், இன்ஜின் அவ்வளவுதான். கேம் தண்டை இன்ஜினிலேயே வைத்து பல்சக்கரத்தை வெல்டு செய்யலாம். அப்படிச் செய்ததற்கு ரசீது இல்லாத எஸ்எச்ஓவை, எத்தனை குறைவாக ஓடியிருந்தாலும், வெல்டு செலவையும் விலையில் கழித்துத்தான் பேச வேண்டும்.

மற்றொன்று 1995 வரை வந்த வண்டி, வின் எண்ணின் எட்டாவது இடத்தில் '4' இருந்தால் 3.8 லிட்டர் வி6. இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட். ஹெட் கேஸ்கட் போவதற்குப் பேர் போனது. 1994, 95 வண்டிகளுக்கு ஃபோர்டே இதற்கான உத்தரவாதத்தை நீட்டிக்க வேண்டி வந்தது. அதே காலத்து 3.0 வல்கன் வண்டி வந்தால் தாராளமாகப் பார்க்கலாம். அதில் சின்க்ரனைசருக்குப் பதில் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும், அதோடு டிஎஃப்ஐ என்ற இக்னிஷன் மாட்யூல். சூடானதும் இன்ஜின் நின்று, அரை மணி ஆறியதும் கிளம்பினால் அந்த மாட்யூல்தான். மாற்றும்போது அதன் முதுகில் வெப்பம் கடத்தும் பசையைத் தடவ வேண்டும். தடவாமல் மாட்டினால் புதியதும் சில மாதத்தில் அதே வேலையைக் காட்டும்.